ஊலாங், சர்க்கரை, ஐஸ்

ஜூன் 3, செவ்வாய்
தைச்சுங் ஆபீஸில் நான்தான் கடைக்குட்டி. அதனால் மதிய டீ ஆர்டர் என் தலையில். அரட்டைக் குழுவில் வருவதைப் படித்துத் தானே கடைக்கு அனுப்ப ஒரு நிரல் எழுதிவிட்டேன். என்னை யார் அசைக்க முடியும்?

ஜூன் 4
அசைத்துவிட்டார்கள். கணக்குப் பிரிவு ஷூசுவான் அக்காவுக்கு டீ வரவில்லை. "பாதி ஐஸ், சர்க்கரை வேணாம், ஊலாங்" என்று எழுதியிருக்கிறார். சொற்களைத் தேடிப் பிடிக்கும் என் ரெஜெக்ஸ் சூத்திரத்துக்கு முதலில் டீ, பிறகு சர்க்கரை, கடைசியில் ஐஸ். வரிசை மாறினால் கண் தெரியாது.

"ஏன் தம்பி, கடைசில சொன்னா அது டீ இல்லையா?"

மேனேஜர் லியாவ் அதைக் கேட்டுக்கொண்டே வந்தார். "பிங்யூ, ஒரு டீ வாங்கத் தெரியல. உன்ன நம்பி கஸ்டமர எப்படிப்பா விடுறது?"

இந்த மாதக் கடைசியில்தான் என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்.

ஜூன் 5
எல்லா வரிசையையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று சொல்லுக்கு ஆறு. டீயில் போடும் ஜவ்வரிசி முத்து வேண்டுமா என்பதையும் சேர்த்தால் இருபத்து நான்கு. பெரிய கோப்பையா சின்னதா? நூற்றிருபது.

பக்கத்து மேசை போவெய் எட்டிப் பார்த்தான். "டேய், இது ரெஜெக்ஸா, வாக்காளர் பட்டியலா?"

ஜூன் 6
கண் எரிகிறது.

ஜூன் 9
ஒரு பொரித்த கோழித்துண்டுக்கு போவெய் ரகசியத்தை விற்றான். "வரியோட வாசப்படிய விட்டு நகராத. அங்கருந்தே எட்டிப் பாரு, எங்கயாவது ஊலாங் இருக்கா? மறுபடி அதே படியிலருந்து பாரு, சர்க்கரை இருக்கா? அப்புறம் ஐஸ். மூணும் இருந்தா சரி. எது முன்னாடி வந்தா உனக்கென்ன?"

^(?=.*ஊலாங்)(?=.*சர்க்கரை)(?=.*ஐஸ்)

ஒரே வரி. மற்ற டீக்கும் இப்படியே. அக்காவுக்கு டீ வந்தது. சிரித்தார். பிழைத்தேன்.

ஜூன் 12
பிழைக்கவில்லை. அக்கா குழுவில் எழுதினார்: "நேத்து ஊலாங்ல ஒரே சர்க்கரை, ஐஸ் கரைஞ்சு தண்ணி. அந்தக் கடையே வேணாம்."

மூன்று சொல்லும் இருக்கிறதே. அதே கடையிலிருந்து அக்காவுக்கு ஒரு ஊலாங் வந்து நின்றது.

மேனேஜர் கொதித்துப்போய் எழுதினார்: "ஊலாங், சர்க்கரை, ஐஸ்னு அவங்க இவ்வளவு திட்டினப்புறமும் வாங்கினது யாரு?" அவருக்கும் ஒன்று வந்தது.

நான் பதறி, "ஊலாங், சர்க்கரை, ஐஸ் எல்லாத்துக்கும் மன்னிச்சிடுங்க" என்றேன். எனக்கும் ஒன்று.

அவ்வளவுதான். மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

ஜூன் 13
மேனேஜர் கூப்பிட்டார். போனேன். மேசையில் காலிக் கோப்பை.

"இந்த ஆபீஸ்ல எனக்கு டீ வேணுமான்னு யாரும் கேட்டதில்ல," என்றார். "நேத்துதான் வந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு."

யோசித்தால் உண்மைதான். பயத்தில் யாருமே கேட்டதில்லை, நான் உட்பட. வெட்கமாக இருந்தது.

"புகாருக்கெல்லாம் டீ அனுப்பாம இருக்க வழி பண்ணு. போ."

ஜூன் 30
மதியம் குழுவில் மேனேஜர், முதன்முறையாக ஒரு ஆர்டர்:

"ஐஸ் வேணாம், கொஞ்சம் சர்க்கரை, ஊலாங். பிங்யூவுக்கும் ஒண்ணு. அவன் இனிமே நம்ம ஆளு."

நிரல் அவருக்கு மட்டும் ஒன்று வாங்கியது. செய்தியின் மீதியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு எனக்கானதை நானே கீழே போய் வாங்கிக்கொண்டேன்.