பாடி மேம்பாலத்தடியில் நாகம்மாவின் முகம்

பிப்ரவரி 11, செவ்வாய்

சுவருக்கு ப்ரைமர் அடித்தாயிற்று. லாரிப் புகையில் வெள்ளை சாயங்காலத்துக்குள் சாம்பலாகிவிடுகிறது. மகளிர் தினத்துக்குள் இந்த வட்டாரத்தில் சாதித்த நான்கு பெண்களின் முகங்களை வரைந்து முடிக்க வேண்டும். டாக்டர், நீச்சல் வீராங்கனை, நீதிபதி – மூன்று பேரையும், எனக்கு இந்த வேலையைக் கொடுத்த கிருபாகரன் சாரே சொல்லிவிட்டார். நான்காவது பெயரை நான் சொன்னேன். கொரட்டூரில் எங்கள் கீழ்வீட்டு ஷோபனாவின் மாமியார், நாகம்மா.

பிப்ரவரி 13, வியாழன்

நாகம்மா பாடியில் ஒரு தொழிற்சாலையில் இருந்தவர். சாப்பாட்டு நேரம் தவிர பெண்கள் கழிப்பறைக்குப் போகக்கூடாது என்று அங்கே விதி. தொண்ணூற்றெட்டில் மாசமாயிருந்த ஒருத்தி மெஷின் முன்னாலேயே மயங்கி விழுந்தாள். மறுநாள் நாகம்மா முப்பது பெண்களோடு கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார். பத்தொன்பது நாள். விதி போயிற்று, இவருடைய வேலையும் போயிற்று.

"என் மூஞ்ச இன்னாத்துக்குமா செவுத்துல வரையிற? பஸ்ஸுல போறவன் சிரிப்பான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பச்சப் பொடவ ஒண்ணு கீது. அதுல வரைவியா?"

பிப்ரவரி 26, புதன்

முடிந்தது. ஷோபனா அவரை ஆட்டோவில் அழைத்து வந்தாள். நாகம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "மூக்கு என்துதான்" என்றார்.

மார்ச் 4, செவ்வாய்

கிருபாகரன் சார் போன் செய்தார். "செலவு பண்ற கம்பெனி இருக்கே, அந்தப் பழைய ஃபேக்டரியும் அவங்களோடதுதானாம். பேர மாத்திட்டதால நமக்குத் தெரியல. அந்தம்மா முகம் வேணாங்கறாங்க. பொதுவா 'உழைக்கும் பெண்'ணு ஒண்ணு போட்டுடு அகல்யா. பொடவைய அப்படியே விட்டுடு, டைம் இல்ல."

பிறகு, சும்மா சொல்வதுபோல: "பூந்தமல்லில ஆறு மாச வேலை வருது. உன் பேரத்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

சரி சார் என்றேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லையே – ஏன்?

மார்ச் 5, புதன்

அழித்தேன். கண்களை முதலில்.

கீழே போய்ச் சொல்ல வேண்டும். நாளைக்கு.

மார்ச் 7, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டு படிதான்.

மார்ச் 8, சனி

விழா பத்து மணிக்கு. நாகம்மா ஒன்பதுக்கே வந்துவிட்டார், அதே பச்சைப் புடவையில். கூடவே அந்த நாளில் கேட்டில் உட்கார்ந்த நான்கு பெண்கள். எல்லோர் தலையிலும் பூ. ஒருத்தி திருவள்ளூரிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறாள்.

சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யாருமா இது?"

"யாருமில்லைம்மா. சும்மா… பொதுவா ஒரு பொண்ணு."

"யாருமில்லாதவளுக்கா என் பொடவ?"

குரலை உயர்த்தவேயில்லை. திருவள்ளூர்க்காரி, "ஊட்டுக்குப் போலாம் வா நாகு" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். ரிப்பன் வெட்டும்போது நான் கைதட்டினேன். தட்டினேனே.

மார்ச் 16, ஞாயிறு

எட்டு நாள் கழித்து இறங்கிப் போனேன். நாகம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், பூந்தமல்லி வேலை உட்பட. கையை நிறுத்தாமல் கேட்டார்.

"முப்பது பேரு ஒக்காந்தோம்னு சொன்னன்ல? பத்தாம் நாளே பாதி பேரு உள்ள வேலைக்குப் பூட்டாங்க. புள்ளகுட்டிக்காரங்க, பயம். நான் அவங்கள ஒரு வார்த்த கேட்டதில்ல. உன்னயும் கேக்க மாட்டேன்."

நான் எழுந்தபோது சொன்னார்: "முன்னாடியே வந்து சொல்லியிருந்தீன்னா, அவளுங்கள நான் கூப்ட்டிருக்க மாட்டேன்."

திட்டியிருக்கலாம்.

மார்ச் 24, திங்கள்

பூந்தமல்லி வேலை தொடங்கிவிட்டது. பறவைகளும் கொடிகளும்தான் கேட்டிருக்கிறார்கள். காலையில் நான் கிளம்பும்போது ஷோபனா துவைத்த துணி வாளியோடு மொட்டைமாடிக்குப் படியேறி வந்தாள். என்னைப் பார்த்ததும் சுவரோரம் ஒதுங்கி, தெரியாதவர்களுக்கு விடுவதுபோல வழி விட்டாள். நான் இறங்கிப் போனேன்.