சூடு காட்டிய பைப்

புரட்டாசி 8, வியாழன்

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. லாரி பாடி பட்டறைக்கு நாலாவது நாளாக லீவு. மேஸ்திரி போன் பண்ணினார். "கேபின் வேல கெடக்கட்டும், நீ ஊட்டுக்காரியப் பாரு." நல்ல மனுசன்.

பூங்கொடி ஓட்டிப்போய் விழுந்த பைக்கைக் குட்டியானை வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. முன்பக்கம் பார்க்கச் சகிக்கவில்லை. முன்சக்கரத்தைத் தாங்குகிற இடது ஃபோர்க் பைப் இரண்டு துண்டு. வலது வளைந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றி வந்தார். "பொம்பளைக்கு எதுக்குங்க கியர் வண்டி? ஸ்பீடு பிரேக்கரப் பாக்காம உட்டிருப்பாங்க." தலையாட்டினேன். கூசாமல் ஆட்டினேன். த்தூ.

முறிந்த துண்டு சாக்கில் சுற்றி, கட்டிலுக்கடியில்.

புரட்டாசி 9, வெள்ளி

ஆஸ்பத்திரிக்கு: ஃபிளாஸ்க், நைட்டி இரண்டு, சீப்பு, ஸ்ட்ரா (வாய் முழுதாகத் திறக்க முடியவில்லை, தாடையில் தையல்).

பூங்கொடிக்குத் தொடையில் கம்பி வைத்துவிட்டார்கள். நடக்க மூன்று மாதமாம். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "ஏனுங்க, வண்டி ரொம்ப அடிங்களா?"

"அத உடு."

"எங்கியோ பராக்குப் பாத்துட்டனாட்டம் இருக்குது. நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், ஒன்னும் தட்டுப்படல. இனிமே அந்த வண்டியத் தொடமாட்டனுங்க."

பக்கத்தில் என் அக்கா. "நான் அப்பவே சொன்னேன். யாரு கேட்டீங்க?"

நான் என்ன சொன்னேன்? "சரி உடுக்கா, நடந்தது நடந்துபோச்சு." பெரிய தர்மப்பிரபு! பூ.வின் அண்ணன் கண் கலங்கிவிட்டார். "மாப்ள தங்கமுங்க. ஒரு சொல்லு கடிஞ்சு பேசல."

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். ஆடியில் நாமகிரிப்பேட்டை ரோட்டில் இதே வண்டியில் நாய் குறுக்கே வந்து நான்தான் விழுந்தேன். இடது பைப் வளைந்தது. பூ.வுக்குத் தெரியாது. மாற்றியிருக்கலாம். கையில் கேஸ் கட்டர் இருக்கிற திமிர். பதினெட்டு வருடமாக இரும்பை நெருப்பு காட்டி வளைக்கிறவன். சிவக்கச் சூடு காட்டி நிமிர்த்தினேன். நீலம் பாய்ந்த இடத்தில் சில்வர் பெயிண்ட். "அந்த எடம் மட்டும் ஏனுங்க ஒரு மாதிரி இருக்குது?" என்று கேட்டாள். தூசி என்றேன்.

தெரியாமல் செய்யவில்லை. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் நெருப்பு காட்டினால் பட்டறையில் நானே கத்துவேன், "உறுதி போயிரும்டா" என்று. ஆறு கிலோமீட்டர் தள்ளிக் கோழிப்பண்ணை. பூ.வுக்கு அங்கே விரிசல் முட்டை பார்த்துப் பிரிக்கிற வேலை. காலையில் பஸ் கிடையாது. தினமும் அந்தப் பைப்பை நம்பித்தான் போனாள். ஓட்டச் சொல்லிக் கொடுத்ததும் நான். தினமும் "பாத்துப் போ" என்று வேறு சொல்வேன்.

புரட்டாசி 10, சனி

தூறல். காலையிலேயே எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து, சக்கரம், மட்கார்டு, டிஸ்க் பிரேக் கழற்றி, வலது பைப்பை உருவிக்கொண்டு நாமக்கல் போய்ப் புது ஃபோர்க் ஜோடி. கடைக்காரர் அளவு பார்க்கப் பழசைக் கேட்டார். வலதை மட்டும் நீட்டினேன்.

"இடது எங்கீங்க?"

"காணாமப் போச்சுங்க."

ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

மதியம் மீதி வேலை. இடதில் மிச்சமிருந்த மேல்துண்டை உருவினேன். அது மட்டும் சுலபமாக வந்துவிடுமா? அரைமணி நேரம் படுத்தியது. புதுசு இரண்டையும் மேலே ஒரே மட்டத்தில் நிறுத்தி, ஆயில் ஊற்றி, போல்ட் முறுக்கினேன். மூன்றரைக்கு முடிந்தது. தெருவில் ஒரு சுற்று. ஆட்டமில்லை, இழுப்பில்லை. ஆடியிலேயே இதைச் செய்திருந்தால் ஒரு மத்தியான வேலை. நடுத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன்.

அக்கா டீ கொண்டுவந்தாள். "யாருக்குச் சாமி இத்தன பாடு? அவதான் தொடமாட்டேங்கறாளே. வித்துப்போடு."

உண்மையைச் சொல்லப் பயம் மட்டும்தானா எனக்கு? இல்லை. தங்கமான மனுசன் என்று நாலு பேர் சொல்வது இனிக்கிறது. அதுதான் அசிங்கம்.

புரட்டாசி 11, ஞாயிறு

வெயில். முறிந்த பைப் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு நாலு மணிக்கு ஆஸ்பத்திரி. பூ. தனியாக இருந்தாள். எடுத்துக் கட்டிலில் வைத்தேன். ஆடியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். முறிவில் பாதி கறுப்பு, பாதி பளபளப்பு. முட்டை பிரிக்கிறவளுக்கு விரிசலைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும்?

"இது முன்னாடியே விரிசல் உட்டுப்போயிருக்குது."

"ஆமா."

"சூடு வெச்சா ஒடையுமின்னு அப்பவே தெரியுமுங்களா?"

தெரியாது என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது.

"தெரியும்."

பைப்பைக் கீழே வைத்தாள். அப்புறம் என்னிடம் இல்லை, கூரையைப் பார்த்து, "அப்ப நான் ஒழுங்காத்தான் ஓட்டியிருக்கறேன்" என்றாள். விழுந்த நாளிலிருந்து அழாதவள், தையல் இழுக்க இழுக்க அழுதாள். தொடப் போனேன். கையைத் தள்ளிவிட்டாள்.

"அஞ்சு மணிக்கு எங்கண்ணன், உங்கக்கா எல்லாரும் வருவாங்க. என்ற முன்னால நின்னு இதையே சொல்லுங்க. ஒன்னு உடாம. ஊட்டுக்கு வாரனா, எங்கண்ணங்கூடப் போறனான்னு அதுக்கப்பறம் சொல்றேன்."

மணி நாலே முக்கால். வராண்டா பெஞ்சு. படியில் அக்காவின் பேச்சுச் சத்தம். பூ.வின் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கிச் சிரிக்கிறார்.