உன் அப்பா தலைமை ஊரைத் தூக்கிக் கொடுத்த கதை

ஹாலிடன், நெப்ராஸ்கா
ஜூலை 2

அன்பு மகள் மார்லிஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த நியூசிலாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொன்னேன், மானத்தைப் பற்றி நான் பேசவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், மீதிக் கதை எனக்கே மறந்துவிடும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் ஊர் விஷயங்களைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நீச்சல் குளத்தில் மறுபடியும் ஓட்டை, தண்ணீர் எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியவில்லை, ஆனால் பாதிரியார் வீட்டுத் தக்காளி மட்டும் இந்த வருஷம் பூசணி அளவுக்குக் காய்த்திருக்கிறது. பல் டாக்டர் இப்போது மாதம் இரண்டு வியாழக்கிழமை பாங்க் மாடிக்கு வருகிறார், பல்வலி வந்தால் வியாழக்கிழமை பார்த்து வர வேண்டும். ஜெயில் அறையில் கைதி இல்லாமல் மூன்று வருஷம் ஆகிவிட்டது, கிறிஸ்துமஸ் தோரணங்களையும் குடில் பொம்மைகளையும் அங்கேதான் வைத்திருக்கிறோம். போன மாதம் ஒருவன் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டினான், ஷெரீப் அவனை உள்ளே தள்ளப் போனால் படுக்க இடமில்லை, மூன்று ராஜாக்களும் ஒட்டகமும் படுத்திருந்தன. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஸ்தாபகர் நாள் ஜூன் இரண்டாம் சனிக்கிழமை நடந்தது. இருபத்திரண்டு வருஷமாக விழாவில் பழைய பதிவேட்டுப் புத்தகத்துக்குக் காவல் நின்ற ஹார்லிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியும். இந்த வருஷம் யார் நிற்பது என்று பெர்னிஸ் தன் காபிக் கடையில் கூட்டம் போட்டாள், விழாக் கமிட்டித் தலைவி அவள்தானே. உன் அப்பா கையைத் தூக்கினார். யாரும் கண்டுகொள்ளவில்லையாம். கையை இறக்காமல் அப்படியே பதினைந்து நிமிஷம் வைத்திருந்தாராம், கடைசியில் பெர்னிஸுக்கே பாவமாகப் போய், "சரி வர்ஜில், கை வலிக்கப் போவுது, நீயே நில்லு" என்றாளாம். நீ நம்ப மாட்டாய், அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று சட்டையை மூன்று தரம் மாற்றிப் பார்த்தார். தானியக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு வருஷமாக மனுஷன் படும் பாடு எனக்குத்தான் தெரியும். நான் மடித்து வைத்த துண்டுகளைப் பிரித்துத் திரும்ப மடிப்பார். தபால்காரரை வாசலில் நிறுத்திப் பேசிப் பேசி, அவர் இப்போது எங்கள் தெருவுக்குக் கடைசியில்தான் வருகிறார். தன்னால் இனி யாருக்கும் எந்த உபயோகமும் இல்லை என்று ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார். அதனால் இந்தக் காவல் வேலை நல்லபடியாக முடிய வேண்டுமென்று நான் வேண்டிக்கொண்டதுபோல் வேறு எதற்கும் வேண்டிக்கொண்டதில்லை.

நம் முன்னோர் 1888-இல் பக்கத்து ஊர் கிரான்ட்லிக்காரர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இருக்கும்போது அவர்கள் கோர்ட்டிலிருந்து கவுண்டிப் பதிவேட்டை வைக்கோல் வண்டியில் போட்டுக் கடத்தி வந்து, புத்தகம் எங்கே இருக்கிறதோ அதுதான் கவுண்டியின் தலைமை ஊர் என்று அடித்துப் பேசியதை நீ பள்ளிக்கூடத்தில் நாடகமாகவே போட்டிருக்கிறாய், நீ வைக்கோலாக நடித்தாய். கிரான்ட்லிக்காரர்கள் அதைத் திரும்பத் திருடிப் பார்க்கும் இந்த விளையாட்டு தொடங்கி அறுபத்தொரு வருஷம் ஆகிறது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் ஆறு மணிச் சங்குக்கும் நடுவில் புத்தகத்தை வாசல் தாண்டிக் கொண்டுபோய்விட்டால் 'தலைமை ஊர்' பலகை ஒரு வருஷம் அவர்களுக்கு. ஒரு தரமும் அவர்கள் ஜெயித்ததில்லை. சவப்பெட்டியோடு வந்தார்கள், குளிர்பெட்டி ரிப்பேர் என்று வந்தார்கள், ஹார்லி எல்லோரையும் பிடித்துவிட்டார்.

உன் அப்பா பிடிக்காமல் விடுவாரா? கால்சட்டை போட்டு வந்த எல்லோரையும் சந்தேகப்பட்டார். பாண்டு கோஷ்டிக்காரன் ட்யூபாக் குழலுக்குள் தோள் வரை கையை விட்டுத் தேடி, கையை வெளியே எடுக்க நான் வெண்ணெய் கொண்டுவர வேண்டியதாயிற்று. பாதிரியாரின் அங்கியைத் தூக்கிப் பார்க்கப் போனார், நான் கண்ணாலேயே அடக்கினேன். கோர்ட்டுக் கூடத்தில் மேசை, மேசைமேல் புத்தகம், அதற்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்தபடி இவர். நான் கவுண்டி கிளார்க் என்பதால் வாசலருகில் எலுமிச்சைச் சாறு ஊற்றிக்கொண்டிருந்தேன். நாலே முக்கால் இருக்கும், மாடியில் மெத்தைப் போர்வைக் கண்காட்சி முடிந்து, எண்பத்தொரு வயது இடெல்லா அம்மாள் ஒரு கையில் தடியை ஊன்றி, மறு கையில் தன் போர்வையைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். கிரான்ட்லிக்காரிதான், ஆனால் அந்தத் தடியையும் அந்த நடையையும் பார்த்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? "தம்பி, கையெல்லாம் ஓய்ஞ்சு போச்சு, இத இந்த மேசைல போட்டு மடிச்சுக்கட்டுமா" என்று கேட்டாளாம். தாராளமாக என்றாராம் இவர். பிறகு அவள், "என் காலுறை வேற நழுவுது, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோப்பா" என்றாளாம். நம் ஊரில் ஒரு பெண்பிள்ளை அப்படிச் சொன்னால் எந்த ஆண்பிள்ளை திரும்பாமல் இருப்பான்? இவர் சுவரைப் பார்த்துத் திரும்பி, அங்கே மாட்டியிருக்கும் பழைய நீதிபதிகளின் பெயர்களை மேலிருந்து கீழ்வரை படித்து முடித்தாராம். அதோடு விட்டாரா? தானே கேட்டு அந்தப் போர்வை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். "என்னம்மா இது, போர்வைக்குள்ள இரும்பு வச்சுத் தைச்சீங்களா" என்று கேட்டது என் காதில் விழுந்தது. "நல்ல பஞ்சு தம்பி, அந்தக் காலத்துப் பஞ்சு" என்றாள் அவள். மார்லிஸ், கதவைத் திறந்து பிடித்தது நான். இதை நீ யாரிடமும் சொல்லக் கூடாது. இவர் மூட்டையை அவள் காரின் முன் சீட்டில் வைத்து, நழுவக் கூடாதென்று பெல்ட்டும் போட்டுவிட்டு, ரயில் பாதையில் குலுங்கும், மெதுவாகப் போங்கள் என்று புத்திமதியும் சொல்லி அனுப்பினார். அவள் ஹாரன் அடித்துவிட்டுப் போனாள், இவர் கையை ஆட்டிவிட்டு உள்ளே போய் வெறும் மேசைக்கு முதுகைக் காட்டி இன்னும் ஒரு மணி நேரம் காவல் நின்றார்.

ஆறு மணிக்குச் சங்கு ஊதியது, பாண்டு வாசித்தார்கள், எல்லோரும் கை தட்டிக்கொண்டே உள்ளே வந்தார்கள். இவர் சிரித்த முகமாக மேசைப் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் சாகும் மட்டும் மறக்க மாட்டேன். நம் ஊரைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, திட்ட மாட்டார்கள், சாவு வீட்டுக்குக் கொண்டுவருவதுபோல் சாப்பாடு கொண்டுவருவார்கள். மறுநாள் காலையிலிருந்து ஒன்பது பாத்திரம் வந்தன, ஏழில் டியூனா மீனும் நூடுல்ஸும். பெர்னிஸ் தன் கடையில் இவர் கேட்காமலே இரண்டாவது துண்டு ஆப்பிள் பை பலகாரம் வைத்தாளாம், அதைவிட வேறு அவமானம் வேண்டுமா. அன்றோடு கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஒரு டப்பா ஆணி வாங்க அடுத்த கவுண்டிக்கு நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு போனார். "அறுபத்தொரு வருஷம் லோரீன், நான் போயி நின்ன ஒரே நாள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் என் பங்குக்குக் கதவு பிடித்த பாவத்தை நினைத்து, வாயைத் திறக்காமல் டியூனாவைத் தின்றேன்.

பத்து நாள் கழித்து இடெல்லா அம்மாள் போன் செய்தாள். எடுத்ததுமே, "தம்பி, வீட்டுல ஏணி இருக்கா" என்றாள். விஷயம் இதுதான், பலகை அவர்கள் ஊருக்குப் போய்விட்டது, எட்டடி நீளம், அதை மாட்ட ஆளில்லை. கிரான்ட்லியில் இப்போது மொத்தம் பத்தொன்பது பேர், அதில் இளையவருக்கு அறுபத்து நாலு, அவருக்கும் தலைசுற்றல். உங்களுக்குச் சூடு சொரணை இருக்கிறதா, நம் பலகையை நீங்களே போய் அங்கே மாட்டுவீர்களா என்று நான் கத்தினேன். "பாவம்டி, அவங்ககிட்ட ஏணி இல்ல" என்று சொல்லிவிட்டு ஏணியை வண்டியில் கட்டிக்கொண்டிருந்தார். தனியாக விட மனசில்லாமல் நானும் போனேன். பழைய தபாலாபீஸ் சுவர் ஒன்றுதான் அங்கே நேராக நிற்கிறது, அதில் மட்டப்பலகை வைத்துப் பார்த்துப் பார்த்து ஒரு நூல் சாயாமல் மாட்டினார். பத்தொன்பது பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து கை தட்டினார்கள். பன்றியிறைச்சி ரொட்டி, ஊறுகாய், ருபார்ப் தண்டு போட்ட பை பலகாரம் எல்லாம் பிரமாதம், அதை நான் மறைக்க மாட்டேன். சாப்பிடும்போது இடெல்லா சொன்னாள், 1888-இல் நம் ஆட்களின் வைக்கோல் வண்டி ஓடைச் சேற்றில் மாட்டிக்கொண்டதாம், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் அதைத் தோள்கொடுத்துத் தள்ளிவிட்டது அவளுடைய கொள்ளுத்தாத்தாவாம். "நூத்தி முப்பது வருஷமா எங்க குடும்பத்தையே ஊரு கேலி பண்ணுச்சு. இப்ப நீ வந்து எங்க மானத்தக் காப்பாத்திட்ட தம்பி" என்று உன் அப்பாவின் கன்னத்தைத் தட்டினாள். இவர் தக்காளி மாதிரி சிவந்துபோனார்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. கிளம்பும்போது அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒன்று கேட்டார்கள், அடுத்த ஜூனில் ஹாலிடன்காரர்கள் திருட வருவார்கள், மத்தியானத்திலிருந்து ஆறு மணிவரை கால்கடுக்க நிற்க எங்களில் யாராலும் ஆகாது, நீயே வந்து காவல் நிற்கிறாயா என்று. இவர் சரி என்றார். வீட்டுக்கு வந்தால் வாசலில் பெர்னிஸும் கமிட்டியும். யாருக்கும் சந்தேகம் வராத முகம் ஊரிலேயே உன் முகம்தான் வர்ஜில், அடுத்த வருஷம் கிரான்ட்லியிலிருந்து புத்தகத்தைத் திருடி வரும் வேலை உன்னுடையது என்றார்கள். அதற்கும் சரி என்றார். யாருக்காவது இல்லையென்று சொல்லி இந்த மனுஷனை நீ பார்த்திருக்கிறாயா? இப்போது காலை ஐந்து மணிக்கே எழுந்து கார் கொட்டகைக்குப் போய்விடுகிறார். திருடும் திட்டம் சிவப்புப் பென்சிலில், காவல் திட்டம் நீலப் பென்சிலில். சிவப்பை வரையும்போது நீலத் தாளைக் கவிழ்த்து வைத்துக்கொள்கிறார், ஒன்று மற்றதைப் பார்த்துவிடக் கூடாதாம். யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டேன். "சொல்ல முடியல லோரீன், ரெண்டு பேருமே கெட்டிக்காரனுங்க" என்றார். ஆனால் ஒன்று, விசில் அடிக்கிறார். துண்டுகளை நான் மடித்தபடியே விட்டுவிட்டார்.

இவர் இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்திருக்கும் உண்மையை நான் நேற்று பெர்னிஸிடம் சொல்லிவிட்டேன். அவள் சிரித்து ஓய்ந்த பிறகு, அவர் அங்கே காவலே நிற்கட்டும், திருட வேறு ஆள் பார்ப்போம், யாரை அனுப்பலாம் என்றாள். நான் உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அவரிடம் தந்திரம் எதுவும் செய்ய வேண்டியதில்லை, காலுறையெல்லாம் வேண்டாம், வந்து நின்றால் போதும், புத்தகத்தை மறந்துவிட்டு உன்னிடம் ஓடிவருவார். நீ ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. அவர் ஒரு தரமும் வா என்று சொல்ல மாட்டார், உனக்குத் தொந்தரவு என்பார். போனில் பேசி முடித்த பிறகு போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பதை நான்தான் பார்க்கிறேன். புத்தகம் கிரான்ட்லியிலேயே கிடந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை, அந்தப் பத்தொன்பது பேருக்கும் அது வேண்டியிருக்கிறது. நீ அந்த வாசலில் வந்து நில். நிறைய நாள் தங்குகிற மாதிரி கனமான பெட்டியோடு வா.

கர்த்தர் உன்னைக் காத்து நல்ல புத்தியும் நல்ல தூக்கமும் தரட்டும். ஜூன் இரண்டாம் சனிக்கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு வை. அப்பாவிடம் மூச்சு விடாதே, தெரிந்தால் உன்னைக் கூட்டிவர விமான நிலையத்துக்கு ஏணியோடு வந்து நிற்பார்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
லோரீன்