அடியில் பச்சை

அன்புள்ள அக்கா,

அவர் பிழைத்துவிட்டார்! உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. காலையில் தானாக எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றார் அக்கா!

மழைக்குப் பிறகு காலாப்பட்டு முந்திரித் தோப்பில் குடை குடையாக வெள்ளைக் காளான் முளைத்திருந்ததாம். ஆசையாகப் பறித்து வந்தார். எனக்குத் தலைவலி, நான் சாப்பிடவில்லை. கொஞ்ச நேரத்திலேயே அவருக்கு வாந்தியும் பேதியும் நிற்காமல் போயின. தாவரவியல் டீச்சர் என்று எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அப்பா வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து கூப்பிடாத உன் நம்பருக்கு, சமைக்காமல் கிடந்த காளானைப் படமெடுத்து அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டாய்.

"அடியில மடிப்பெல்லாம் பச்சையா இருக்கா பாரு."

"ஆமாக்கா, பாசி மாதிரி."

"விஷக்காளான்டி அது! மோர் கீர் குடுத்துக்கினு நிக்காத. மிச்சத்தப் பேப்பர்ல சுத்திக்கினு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. நானும் வர்றேன்."

வந்தாயே! கருவடிக்குப்பத்திலிருந்து, நைட்டிமேல் துப்பட்டாவோடு ஓடி வந்தாயே! டாக்டரிடம் காளானைக் காட்டி விவரம் சொன்னதும் நீதான். "நேரத்தோட கொண்டாந்துட்டீங்க" என்று அவர் டிரிப்ஸ் போட்டார். அதுவரை என் கையை நீ விடவேயில்லை. வேறு எதையும் நாம் பேசவில்லை.

இன்று நீ வைத்துவிட்டுப் போன கஞ்சியை அவர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். நேரில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால் கழுவிய தூக்கில் இதை வைத்து அனுப்புகிறேன்.

நாளை வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். கஞ்சியை அங்கே கொண்டுவா, அக்கா.

உன் தங்கை