முதல் பகுதியில் யாரும் சாகவில்லை

கோலாலம்பூர்
28.4.1977

அன்பு நளினிக்கு,

நீ அனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் உடையாமல் வந்தது. என்னோடு அறையில் தங்கியிருக்கும் இருவரும் ஜாடியைக் கண்டுவிட்டார்கள், இனி அது என்னுடையது இல்லை. உன் இருமல் எப்படி இருக்கிறது? பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. மலைக்குளிர் உனக்கு எப்போதுமே ஆகாது.

என் நாடகம் மே ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை இரவு எட்டரைக்குத் தொலைக்காட்சியில் வருகிறது. அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒரு பகுதி. தோட்டத்து மண்டபத்தில் எல்லோரையும் கூட்டி உட்கார வை.

நிகழ்ச்சி அதிகாரி நாகரத்தினம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். முதல் இரண்டு பகுதிக்கு ரசிகர் கடிதம் குவிந்தால் தொடர் நீளும். எனக்கு நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ் எல்லாம் கிடைக்கும். இல்லாவிட்டால் நான்காவது பகுதியோடு மூட்டை கட்டிக்கொண்டு மலையேறி, தோட்டத்துத் துரை எனக்காக வைத்திருக்கும் கிராணி நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுவேன். இரண்டில் எதுவானாலும் ஜூன் முடிவதற்குள் நாம் ஒரே வீட்டில் இருப்போம். ஒரு வருஷத்துக்கு மேல் பிரிந்திருந்தது போதும்.

எனக்குப் பயமில்லை. முதல் பகுதியை நான் எழுதியிருக்கும் விதம் அப்படி. எடுத்த எடுப்பிலேயே சாவு வீடு. வெள்ளைத்துணி போர்த்திய உடம்பு, சாவு மேளம், செந்தூலிலிருந்து வந்த பெண்கள் உண்மையாகவே அழுது பாடிய ஒப்பாரி. செத்தது யார் என்பதை இரண்டாவது பகுதியில்தான் சொல்கிறேன். மூன்றாவது நிமிடத்தில் எழுந்து போகிறவனை எனக்குக் காட்டு பார்க்கலாம்.

உன்
திருச்செல்வம்


தோட்டத்திலிருந்து
8.5.1977

அன்புள்ள அத்தான்,

இருமல் விட்டுவிட்டது. கேட்டதற்குச் சந்தோஷம்.

மூன்றாவது நிமிடத்தில் எழுந்து போகிறவனைக் காட்டச் சொன்னீர்கள். ஒருவன் இல்லை, தோட்டமே எழுந்து போய்விட்டது. நீங்கள் இந்தத் தோட்டத்து லயத்து வீட்டில்தானே பிறந்தீர்கள்? சித்திரை மாதக் கடைசியில் நம் மாரியம்மனுக்கு என்ன நடக்கும் என்று நினைவிருக்கிறதா? வெள்ளிக்கிழமை காலையில்தான் காப்புக் கட்டினார்கள். கையில் மஞ்சள் கயிறோடு ஊரே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் சாவு மேளம் டம டம என்று கிளம்புகிறது. காப்புக் கட்டிவிட்டால் எழவுச் சத்தம் காதில் விழக்கூடாது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும், உங்களுக்குத் தெரியவில்லை.

கோயில் தலைவர் காளியண்ணன் ஓடிவந்தார். "அடைச்சிருலா அத, மொதல்ல அடை"என்று சொல்லித் தானே டிவியை அடைத்தார். எல்லோரும் வீட்டுக்குப் போய், அந்தக் குளிரில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். உங்கள் முதல் பகுதியால் நடந்த ஒரே காரியம் அதுதான்.

மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போதே முணுமுணுப்பு. டீச்சர் புருஷனால் திருவிழாவுக்குத் தீட்டு வந்துவிட்டதாம். தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலாயி நேராக என்னிடமே வந்து, "டீச்சர், நாங்க ஆத்தாவுக்குத் தீ மிதிக்கிறவங்க. செத்தது யாரு, சொல்லுங்க"என்று நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"யாரும் சாகல வேலாயி. அந்தத் துணிக்கு அடியில இருந்தது ஒடம்பு இல்ல, ஒரு பொண்ணோட சட்டை துணிமணி. அப்பன் பாத்த மாப்பிள்ளைய வேணாம்னுட்டு ஈப்போவுக்கு வேலைக்குப் போயிட்டா. அந்தாளு தலை முழுகுறேன்னு, உசுரோட இருக்கிற மகளுக்கு ஊரக் கூட்டி ஒப்பாரி வைக்கிறான். பாட்டு நடக்குறப்பவே அவ பையத் தூக்கிக்கிட்டு லயத்துல நடந்து வர்றா."

அத்தான், வேலாயியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "அப்புறம்?"என்றாள். சாயங்காலத்துக்குள் கொழுந்து மலை முழுக்க அந்த 'அப்புறம்' பரவிவிட்டது. கடையில் சிங்காரம் எனக்குச் சீனி நிறுக்காமல் கதை கேட்கிறான். தீட்டுப் பேச்சும் நின்றது. முதல் பகுதிக்கு வேண்டியது சாவு இல்லை, 'அப்புறம்' என்று கேட்க வைப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய எழுத்தாளர் கோபிக்க வேண்டாம்.

உங்கள் அன்பு மனைவி
நளினி


கோலாலம்பூர்
11.5.1977

என் நளினிக்கு,

கோபமா? கடிதத்தைப் படித்துவிட்டு அறையிலேயே நடந்துகொண்டிருந்தேன். இங்கே நிலைமை சரியில்லை. ஒப்பாரி நன்றாக இருந்தது என்று பத்திரிகைக்காரர் ஒருவர் சொன்னதோடு சரி, ரசிகர் கடிதம் எண்ணி ஏழு. காப்புக் கட்டு நம் தோட்டத்தில் மட்டுமா? எத்தனை மண்டபத்தில் அடைத்தார்களோ.

ஆனால் நாம் தப்பித்தோம். முதல் பகுதியில் செத்தவர் பெயரும் இல்லை, முகமும் இல்லை. துணிக்கு அடியில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். இரண்டாவது பகுதியில் சாவை எடுத்துவிட்டு, நீ சொன்ன பெண்ணை நடந்து வரச் சொல்கிறேன். நாகரத்தினம் கதையைக் கேட்டு மேசையைத் தட்டினார். நாளை மறுநாள் மறுபடி படம் பிடிக்கிறோம். இருபதாம் தேதி தவறாமல் பார்.

உன்
திருச்செல்வம்


கோலாலம்பூர்
23.5.1977

நளினி,

ஜெயித்துவிட்டோம். கடிதங்கள் சாக்கில் வருகின்றன. கிள்ளானிலிருந்து, சுங்கை சிப்புட்டிலிருந்து, எஸ்டேட் எஸ்டேட்டாக. நாகரத்தினம் என் தோளில் கை போட்டுக்கொண்டு கேண்டீனுக்கு நடக்கிறார். நிரந்தர வேலை உறுதி. இரண்டு அறை குவார்ட்டர்ஸ், தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

நீ உடனே மாற்றல் மனு எழுதிப் போடு. இங்கே வந்துவிட்டால் நீ அடுக்களையில் இருந்தபடியே சொல், நான் எழுதிக்கொள்கிறேன். அப்படித்தானே நமக்கு எப்போதும் நடந்திருக்கிறது.

ஒரு அவசரம். பெண் வாசலில் வந்து நிற்கிறாள். அப்புறம்? வியாழக்கிழமைக்குள் எழுது.

உன்
திருச்செல்வம்


தோட்டத்திலிருந்து
25.5.1977

அன்புள்ள அத்தான்,

இருபதாம் தேதி மண்டபத்தில் நிற்க இடமில்லை. கோலா தெர்லாவிலிருந்துகூட லாரி ஏறி வந்திருந்தார்கள். துணியை விலக்கியதும் உள்ளே சட்டை துணிமணி. "டீச்சர் கதை வருது"என்று எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிறகு கடைசியில் எழுத்து ஓடியது. கதை, வசனம் திருச்செல்வம். காளியண்ணன்தான் கேட்டார். "என்னம்மா, ஒம் பேரக் காணோம்?"

வானொலிக்கு நீங்கள் எழுதிய நாடகங்களிலும் முடிவு நான் சொன்னதுதான். அப்போது நான் கேட்டதில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. இப்போது தோன்றுகிறது. வெட்கப்படாமல் கேட்கிறேன். உங்களோடு ஒரே வீட்டில் இருக்க எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அடுக்களையிலிருந்து சொல்லிக் கொடுக்கிறவளாக வரமாட்டேன். மூன்றாவது பகுதியில் என் பெயர் வரட்டும், மறுநாளே மனுவைத் தபாலில் போடுகிறேன்.

அந்தப் பெண்ணுக்கு அப்புறம் என்ன என்று கேட்டீர்கள். அப்பன், "சரி, உள்ள வா"என்கிறான். அவள் அசையவில்லை. "ஊரக் கூட்டி நான் செத்துட்டேன்னு அழ வச்சீங்க. அதே ஊரக் கூட்டி நான் இருக்கேன்னு சொல்லுங்க. அப்புறம் வரேன்"என்கிறாள்.

இதை நாடகத்துக்காக எழுதவில்லை அத்தான். உங்களுக்காக எழுதினேன்.

உங்கள்
நளினி


தோட்டத்திலிருந்து
4.6.1977

அத்தானுக்கு,

என் கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. நேற்று இரவு டிவியில்தான் கிடைத்தது.

நன்றாக எடுத்திருந்தீர்கள், குறை சொல்லமாட்டேன். வாசலில் மழை வைத்தது அழகு. அந்தப் பெண், "நான் இருக்கேன்னு சொல்லுங்க"என்றபோது வேலாயி வாய்விட்டு அழுதாள். நான் உங்களுக்கு எழுதிய வார்த்தை ஒன்றுகூடக் குறையவில்லை. மண்டபமே கை தட்டி ஓய்ந்த பிறகு எழுத்து ஓடியது. கதை, வசனம் திருச்செல்வம்.

உங்களுக்கு வலிக்கட்டும் என்று எழுதியதை எடுத்து வசனமாக்கிவிட்டீர்கள். முதலில் ஆத்திரம் வந்தது, பிறகு இரவெல்லாம் அழுதேன். காலையில் எழுந்தபோது ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. அது நல்ல வசனம். நான் எழுதியது.

மாற்றல் மனுவை அடுப்பில் போட்டுவிட்டேன். கிராணி வேலைக்கு வேறு ஆள் பார்க்கலாம் என்று துரையிடம் சொல்லிவிட்டேன், நீங்கள் அதற்காக வரவேண்டியதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது பகுதியை நானே எழுதினேன். தானா ராத்தா தபாலாபீசில் இன்று காலை பதிவுத் தபாலில் நேராக நாகரத்தினம் அவர்களுக்கு அனுப்பினேன், கதை, வசனம் நளினி என்று முதல் வரியிலேயே போட்டு. இதற்கு முந்தைய கதை எங்கிருந்து வந்தது என்பதை உங்களிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். பிடித்தால் எடுக்கட்டும். பிடிக்கும், எனக்குத் தெரியும்.

உங்களுக்கும் 'அப்புறம்' தெரிய வேண்டுமே. அவள் அந்த வீட்டுக்குள் போகவில்லை.

நளினி