ஞாயிறு மாலை நேரடி ஒளிபரப்பைப் பார்க்க அனுமதி கேட்டு

அனுப்புபவர்:
திருமதி வசந்தினி ஜசிந்தன்,
திரு. விக்னராஜா வீட்டின் பின் அறை,
கிரான்பர்ன், விக்ரோறியா.

பெறுநர்:
தொலைக்காட்சி அனுமதிப்பத்திரங்களுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்,
மெல்பேர்ண்.

விடயம்: வீட்டிலிருந்தபடி இணையத்தில் நேரடித் தொலைக்காட்சி பார்ப்பதற்கு அனுமதிப்பத்திரம் தேவையா என எழுத்தில் அறியத் தருமாறும், தேவையெனில் எனக்கு ஒன்று வழங்குமாறும் கோரல்.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மணி,

1. கீழே கையொப்பமிடும் நான் முல்லைத்தீவு மாவட்டம் புதுக்குடியிருப்பைச் சேர்ந்தவள். சென்ற ஆண்டு ஒக்டோபரில் படகில் வந்து, டார்வின் முகாமில் இருந்து, இப்போது தற்காலிக விசாவில் கிரான்பர்னில் வசிக்கிறேன். வேலை செய்ய எனக்கு அனுமதி இல்லை. ஆங்கிலத்தில் மனு எழுதும் அளவுக்கு மொழியும் இல்லை. தங்கள் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இதை வாசித்துச் சொல்வார் என நம்புகிறேன். அவரிடம் தனியாக ஒரு வேண்டுகோள்: நான் எழுதியதை அழகுபடுத்தவும் வேண்டாம், சுருக்கவும் வேண்டாம்.

2. தங்கள் பதவி உண்மையில் இருக்கிறதா என்பதே எனக்கு நிச்சயமில்லை. இல்லை என்றுதான் ஒருவர் சொன்னார். அதைக் கீழே எழுதியுள்ளேன். ஆனால் நான் வளர்ந்த நாட்டில் அதிகாரி இல்லாத பொருள் எதையும் நான் கண்டதில்லை. வானொலிப் பெட்டிக்குத் தபால் கந்தோரில் அனுமதிப்பத்திரம் எடுத்த காலத்தை அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். பிற்பாடு பக்கத்து ஊருக்குப் போவதற்கே அனுமதி எடுத்த காலத்தில் நானே வரிசையில் நின்றிருக்கிறேன். ஆகவே தொலைக்காட்சிக்கும் எங்கோ ஒரு மேசையில் ஒருவர் இருப்பார் என்ற துணிவில் எழுதுகிறேன். அப்படி ஒருவர் இல்லையென்றால், இந்த உறையைப் பிரிப்பவர் எவரோ அவரே தம்மை அந்த அதிகாரியாக எடுத்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்கிறேன்.

3. என் கணவர் பெயர் ஜசிந்தன். சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர். 2009ஆம் ஆண்டு ஏப்ரலில், போரின்போது, புதுமாத்தளனில் வயிற்றில் காயப்பட்டார். காயக்காரரை ஏற்றிக்கொண்டு திருகோணமலைப் பக்கம் போன கப்பலில் அவரையும் ஏற்றினோம். துணைக்குப் போக எனக்கு இடம் கிடைக்கவில்லை. கரையில் நின்றுகொண்டு, அடுத்த கப்பலில் வருகிறேன் என்று சொன்னேன். அடுத்த கப்பலில் ஏற என்னால் முடியவில்லை. அதன்பின் அவரைப் பற்றி ஒரு சொல்லும் எனக்கு வந்து சேரவில்லை.

4. அன்று அவர் போட்டிருந்தது ஒரு வெள்ளைச் சட்டை. காயப்படுவதற்கு முதல் நாள் அதில் ஒரு பொத்தான் அறுந்துவிட்டது. பதுங்குகுழிக்குள் வெள்ளைப் பொத்தானுக்கு எங்கே போவேன்? என் சட்டையிலிருந்த நீலப் பொத்தானைப் பிடுங்கி மேலிருந்து மூன்றாவதாகத் தைத்தேன். "விடுமப்பா, இஞ்ச ஆர் என்ர பொத்தானைப் பாக்கப்போறான்?" என்று சிரித்தார். இதை ஒரு மனுவில் எழுதுவது முறையல்ல என்பது எனக்குத் தெரியும். காரணம் இருந்துதான் எழுதுகிறேன்.

5. அந்த நாளிலிருந்து நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். மருத்துவமனைகளுக்கு, கந்தோர்களுக்கு, விசாரணை செய்ய வந்தவர்களுக்கு என எழுதி எழுதி இப்போது எனக்கு நல்ல கை வந்துவிட்டது. போர் முடிந்தபின் ஊரில் எங்களை வைத்திருந்த முகாமில் மற்றவர்களுக்கும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். இங்கே வந்தபின் விசாப் படிவத்தில் மணமானவரா, கணவரை இழந்தவரா என்று கேட்டார்கள். இரண்டில் ஒரு பெட்டிக்குள் புள்ளடி போட வேண்டும். தெரியாது என்பதற்குப் பெட்டி இல்லை. மணமானவர் என்று போட்டேன்.

6. லண்டனிலிருந்து ஒளிபரப்பாகும் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியில் ஞாயிறு தோறும் தேடுவோருக்கான நிகழ்ச்சி ஒன்று நடக்கிறது. காணாமற்போனவர்களைத் தேடுபவர்களும், யாரென்று தெரியாதவர்களின் படம் வைத்திருப்பவர்களும் தொலைபேசியில் வந்து பேசுவார்கள். படத்தைத் திரையில் காட்டி, அந்தப் படத்துக்கென ஒரு தொலைபேசி இலக்கத்தைக் கீழே போடுவார்கள். அடுத்த படம் வந்ததும் அந்த இலக்கம் மூடப்பட்டுவிடும். இங்கே அது மாலை ஏழு மணி. விக்னராஜா அண்ணை எனக்குத் தந்த பழைய மடிக்கணினியில், அவர் வீட்டு இணையத்தில், இந்த நிகழ்ச்சியைத் தவறாமல் பார்த்து வந்தேன்.

7. ஒரு ஞாயிறு அவர் குசினிக்குத் தண்ணீர் எடுக்க வந்தவர், திறந்திருந்த அறைக் கதவூடாக என் திரையில் நேரடி ஒளிபரப்பு என்று எழுதியிருந்ததைக் கண்டு நின்றுவிட்டார். அவர் முன்பு லண்டனில் மாணவராக இருந்தவர். அங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் மடிக்கணினியில் கிரிக்கெட் பார்த்து, கதவைத் தட்டி வந்தவர்களிடம் பிடிபட்டு, நீதிமன்றம் வரை போனவராம். "தங்கச்சி, லைவ் பாக்கிறதெண்டால் லைசன்ஸ் வேணும். பிறகு போடுற பதிவைப் பாக்கலாம், அதுக்குப் பிரச்சினை இல்லை. லைவ் பாத்தா வந்து நிப்பாங்கள். எனக்கு அது நடந்தது" என்றார். அவர் மனைவி ஷாமளா, அது லண்டன், இது மெல்பேர்ண் என்றார். "ரெண்டுக்கும் ஒரே ராணிதானே?" என்று அவர் கேட்டார்.

8. எனக்கு விசா தந்த அன்று ஒரு தாளில் கையொப்பம் வாங்கினார்கள். இந்த நாட்டின் சட்டம் எதையும் மீறக்கூடாது, மீறினால் திரும்பவும் முகாமுக்குப் போக நேரலாம் என்று மொழிபெயர்ப்பாளர் விளக்கினார். அந்தச் சட்டங்கள் எவை என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எனவே எல்லாவற்றுக்கும் பயப்படுகிறேன். சிவப்பு விளக்கு எரிந்தால் ஒரு வாகனமும் இல்லாத தெருவிலும் அசையாமல் நிற்கிறேன். அப்படிப்பட்டவள் ஒரு நிகழ்ச்சிக்காக விசாவைப் பணயம் வைப்பேனா? நேரடியாகப் பார்ப்பதை அன்றே விட்டேன். புதன்கிழமை போடும் பதிவை மட்டும் பார்க்கத் தொடங்கினேன்.

9. விசாரிக்காமலும் இருக்கவில்லை. எங்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்க வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஜூடித் அம்மாவிடம் கேட்டேன். அவர் நன்றாகச் சிரித்துவிட்டு, அப்படி ஒன்று இங்கே இல்லை, தாம் இளம்பெண்ணாக இருந்த காலத்திலேயே நீக்கிவிட்டார்கள் என்றார். எனக்கு உயிர் வந்தது. விக்னராஜா அண்ணையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அவ சொல்லுவா. அவவை ஆர் பிடிச்சுக்கொண்டு போகப்போறான்? உமக்கு ஏதும் நடந்தா அவ வந்து கதைப்பாவோ?" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. விசா விடயமாகத் தொலைபேசியில் பேச நேர்ந்தபோது, இடையில் நின்ற மொழிபெயர்ப்பாளரிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். அவர் குரலும் எங்கள் ஊர்ப் பக்கத்துக் குரல்தான். "அக்கா, ரெண்டு பக்கமும் கதைக்கிறதை மொழி மாத்திச் சொல்ல மட்டுந்தான் நான் வந்தனான். என்ர கருத்தைச் சொல்லக்கூடாது" என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கும் ஏதோ ஒரு தாளில் கையொப்பம் வாங்கியிருப்பார்கள்.

10. சென்ற புதன்கிழமை பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வவுனியாவிலிருந்து ஒரு பெண் பேசினார். தம்முடைய தகப்பனார் 2009இல் மருத்துவமனையில் கிடந்தபோது எடுத்த படம் என்று ஒன்றைக் காட்டினார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தகப்பனாருக்குத் தண்ணீர் பருக்கிப் பார்த்துக்கொண்டவராம். பின்னர் வேறிடத்துக்கு மாற்றினார்களாம். எங்கே மாற்றினார்கள் என்று தகப்பனாருக்குத் தெரியுமாம். அந்த மனிதரின் வீட்டார் எவராவது இருந்தால் இப்போதே தொலைபேசி எடுங்கள் என்றார். படத்தில் அந்த மனிதரின் முகம் பாதிதான் விழுந்திருந்தது. தாடி வளர்ந்திருந்தது. நான் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்தேன்.

11. பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். திரையிலிருந்த இலக்கத்தை எடுத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை. அது ஞாயிறே மூடிய இலக்கம். அந்த ஞாயிறு ஏழு மணிக்கு நான் இதே அறையில், இதே கதிரையில், மடிக்கணினியை மூடி வைத்துக்கொண்டு சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து இருந்தேன். ஐயா, எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

12. தொலைக்காட்சி நிலையத்துக்கு ஷாமளா மூலம் எழுதிக் கேட்டேன். பேசுபவர்களின் விபரத்தை வெளியே கொடுப்பதில்லை என்றும், அந்தப் பெண் எதிர்வரும் 25ஆம் திகதி ஞாயிறு மறுபடி வருகிறார் என்றும், அப்போது நேரடியாகப் பார்த்து எடுக்கும்படியும் பதில் வந்தது. தகப்பனார் இப்போது நோயாளி, அதன்பின் அந்தப் பெண் நிகழ்ச்சிக்கு வருவாரா என்று சொல்ல முடியாது என்றும் அதில் எழுதியிருந்தது.

13. வேறு வழி பார்த்தேன். கிரான்பர்ன் நூல்நிலையத்தில் கணினி இருக்கிறது. ஞாயிறு மாலை அது பூட்டு. என்னோடு படகில் வந்த தவம் அண்ணை டண்டினோங்கில் இருக்கிறார். அவரிடம் பார்த்துச் சொல்லச் சொல்லலாம் என்றால், லைசன்ஸ் கதையை நான் சொல்லக் கேட்ட நாளிலிருந்து அவர் கிரிக்கெட்டைக்கூட நேரடியாகப் பார்ப்பதில்லை. எனக்காக அவரைச் சிக்கலில் மாட்டிவிட என் மனம் இடம் கொடுக்கவில்லை. விக்னராஜா அண்ணை, "நீர் பாரும், வாறது வரட்டும்" என்று நேற்றுச் சொன்னார். சொல்லும்போது அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அவருடைய குடியுரிமை விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. இணையம் அவர் பெயரில் இருக்கிறது.

14. இது அவர்மேல் புகார் அல்ல என்பதைத் தெளிவாக எழுதுகிறேன். என்னைச் சகோதரிபோல் வைத்திருக்கும் மனிதர் அவர். ஒருமுறை அடிபட்டவர் பயப்படுகிறார், அவ்வளவுதான். என் புகார் வேறு. ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் முடியக்கூடிய கேள்வியை வைத்துக்கொண்டு நான் நாட்கணக்காகக் கையைப் பிசைகிறேன். தெரிந்தவர் சொன்னால் எழுத்து இல்லை. எழுத்துத் தரக்கூடியவர் யார் என்று தெரியவில்லை. நடுவில் அந்த ஞாயிறு வந்துகொண்டிருக்கிறது.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது:

(அ) அனுமதிப்பத்திரம் தேவையில்லையெனில், தேவையில்லை என்று ஒரு வரி எழுதி, கையொப்பமும் முத்திரையும் இட்டு அனுப்பவும். அதை மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பேன். கதவைத் தட்டுபவர்களுக்குக் காட்டுவேன்.

(ஆ) தேவையெனில், என் பெயரில் ஒன்று தரவும். தற்காலிக விசாக்காரருக்கு முழு ஆண்டுக்குத் தர முடியாதென்றால் அந்த ஒரு மாலைக்கு மட்டும் தந்தாலும் போதும். மற்ற நிகழ்ச்சிகள் எனக்குத் தேவையில்லை.

(இ) என்னைப் போன்றவர்களுக்கு எதுவுமே தர முடியாதென்றால், பார்க்க உரிமை உள்ள ஒருவரை, தங்கள் அலுவலகத்தின் காவலாளியாக இருந்தாலும் சரி, அந்த ஞாயிறு மாலை ஏழு மணிக்கு எனக்குப் பதிலாகப் பார்க்க வைக்கவும். அந்தப் படம் வந்ததும் கீழே தெரியும் இலக்கத்தை எடுத்து, இவருடைய மனைவி கிரான்பர்னில் இருக்கிறார், இவரை எங்கே மாற்றினார்கள் என்று கேட்கிறார் என்று சொன்னால் போதும். பார்ப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆளை அடையாளம் காணத் தமிழ் தேவையில்லை. மேலிருந்து மூன்றாவது பொத்தான் நீலம்.

25ஆம் திகதிக்கு முன் தங்கள் பதில் என் கைக்கு வரும் என்று தபால்பெட்டியைப் பார்த்தபடி இருக்கும்,

வசந்தினி
(ஜசிந்தனின் மனைவி)

இடம்: கிரான்பர்ன்
திகதி: 12.08.2013