முத்திரையிட்ட பதினொரு பெயர்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆடிக் காற்று. கொடியில் காயப்போட்ட தலையணை உறை இரண்டைக் காணோம். தயிர் உறையவில்லை. பி.பி. மாத்திரை இன்னும் ஆறுதான்.

காலை முழுக்க வெள்ளி மன்ற வேலை. என் கணவர் பள்ளித் தாளாளராக இருந்தபோது தொடங்கியது. அவர் போனபின் என் பொறுப்பு. வெள்ளிதோறும் கடைசிப் பீரியட், வெளியிலிருந்து ஒருவர் வந்து பேச வேண்டும். இம்மாதம்:

8 – திரு. ஆனந்த், வேலை வழிகாட்டுதல்
15 – விடுமுறை
22 – கால்நடை மருத்துவர் (போன தடவை மாதிரி பெரிய ஊசியை வெளியே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட வேண்டும்)
29 – பட்டுப்புழு வளர்ப்பு

ஆனந்த் போனில் பேசினார். நல்ல ஆங்கிலம். ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கத் தெரிந்த மனிதர். விடுதிப் பெண்களே கேள்வி கேட்கட்டும், மலையிலிருந்து வருகிறவர்கள் கூச்சப்படுவார்கள் என்றார். இப்படி யோசித்த முதல் விருந்தினர்.

என் வழக்கப்படி, கேள்வி கேட்கும் பெண்களின் பட்டியல் எழுதினேன். விருந்தினர் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். 'ஏய் பச்சை ரிப்பன்' என்று கூப்பிட இது சந்தை அல்ல. இந்த முறை ஊர், தகப்பன் பெயர், போன் நம்பர் எல்லாம் கேட்டார். சான்றிதழ் அனுப்பவாம். பதினொரு பேர். முதல் பெயர் பவித்ரா, பத்தாம் வகுப்பு, சித்தேரி மலை. ஏழாவது பெயரில் மை கசிந்தது. முழுத் தாளையும் திரும்ப எழுதினேன். நான் படித்த கான்வென்ட்டில் மதர் அடித்தல் திருத்தல் உள்ள தாளைக் கையால் தொட மாட்டார்.

பள்ளி முத்திரையும் வைத்தாயிற்று. முத்திரை இல்லாத தாள் கேட்டைத் தாண்டக் கூடாது. என் விதி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மேகம். மழை இல்லை.

ஆனந்த் மூன்று மணிக்கு வரவேண்டும், 2.55க்கு வந்தார். பளபளப்பான ஷூ. டீ வேண்டாம், பிஸ்கட் வேண்டாம். பட்டியலை வாங்கிப் பார்த்து, "என்ன அழகான கையெழுத்து மேடம், யாருடையது?" என்றார். சொன்னேன். மகிழ்ச்சிதான், மறைப்பானேன்.

பேச்சு இருபது நிமிடம். விடாமுயற்சி, நேரம் தவறாமை. பதினொரு பேரையும் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்தார். "கையைக் காட்டும்மா." நகம் பார்க்கிறார் என்று நினைத்தேன். எங்கள் மதரும் திங்கள்தோறும் பார்ப்பார். தலைமையாசிரியை ரெபேக்காவிடம் திரும்பி, "பார், சுத்தத்தின் அருமை தெரிந்தவர்" என்றேன். ஆனந்த் விரல்களைப் பிரித்துப் பார்த்தார். மடக்கி நீட்டச் சொன்னார். பவித்ராவிடம், "வூட்ல எத்தனை பேரு? அக்கா தங்கச்சி இருக்காங்களா? அப்பா என்ன பண்றார்?"

மதிப்பெண் என்ன என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

நன்றியுரை நான். மைக் இரைச்சல்.

ஆகஸ்ட் 9, சனி

மாத்திரை வாங்கினேன். கடைக்காரன் வேறு கம்பெனி கொடுத்தான், திருப்பிக் கொடுத்தேன்.

வாட்ச்மேன் சின்னசாமி தேங்காய் உரித்துக் கொடுக்க வந்தான். "அம்மா, நேத்து வந்த உங்க கெஸ்டு, காரை உள்ள வுட மாட்டேன்னுட்டாருங்க. கேட்டுக்கு வெளிய, புளியமரத்தடியிலேயே நிறுத்திட்டாருங்க."

"இட நெருக்கடி என்று நினைத்திருப்பார்."

"கிரவுண்டுல ரெண்டு லாரி நிக்கலாம், இதுல என்ன நெருக்கடிங்க? ஷூ மட்டும் மின்னுது, நம்பர் பிளேட்டுல ஒரு கூடை மண்ணு. தொடச்சு வுடட்டுங்களான்னு கேட்டேன். மொறைக்கறாருங்க."

கார் துடைத்தால் பக்கோடாக் காசு கிடைக்கும் என்று கேட்டிருப்பான் என்றேன். சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலை ஜெபத்தில் பவித்ரா பாடவில்லை. வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்தாள். அவள் எடுத்துக்கொடுக்காமல் மற்றவர்களின் சுருதி தரையைத் தொட்டது. வெளியே வந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேடம், நீங்க செலக்ட் பண்ணுன பதினோரு பேர்ல நான்தான ஃபர்ஸ்ட்டு?"

"எதற்கு செலக்ட்?"

மணி அடித்தது, ஓடிவிட்டாள்.

விடுதி வார்டன் கமலாவைக் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். ஆனந்த் பதினொரு வீட்டுக்கும் போன் செய்திருக்கிறார். மேற்கே ஒரு நூல் மில். மூன்று வருடம் வேலை, சாயங்காலம் படிப்பு, முடிந்ததும் கல்யாணத்துக்கு ஒரு தொகை. பள்ளியே தேர்ந்தெடுத்த பிள்ளைகள் என்று சொல்கிறாராம்.

"எங்கக்கா மவ இப்பிடித்தாங்க மேடம் போனா. சாயங்காலப் படிப்புன்னாங்க, ராவும் பகலும் மிசின்தான். வெளிய வுட மாட்டாங்க, போன்ல பேசுனா பக்கத்துல ஆள் நிக்கும். ரெண்டு வருசங்கழிச்சு இருமிக்கிட்டே வந்தா. வலது கையில ரெண்டு விரல் மடங்காதுங்க."

விரல்.

இரவு மோர் மட்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காற்று நின்றுவிட்டது. புழுக்கம்.

ஆனந்த் நம்பர்: உபயோகத்தில் இல்லை. அவர் சொன்ன அறக்கட்டளை விலாசம்: சின்னசாமியின் மைத்துனன் தருமபுரியில் போய்ப் பார்த்தான். டயர் கடை.

ரெபேக்காவின் அறையில் பதினைந்து நிமிடம். நாளை கொடியேற்றம் முடிந்ததும் விடுதிப் பெண்கள் மூன்று நாள் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறார்கள். அதற்குமுன் பதினொரு பேரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்றேன்.

"மேடம், இப்ப கிளப்பினா பேரன்ட்ஸ் மொத்தமா வந்து நிப்பாங்க. யாரு லிஸ்ட் கொடுத்தான்னு கேப்பாங்க. உங்க பேரும்தான் அடிபடும். லீவு முடியட்டுங்க, பக்குவமாப் பேசிக்கலாம்."

உங்க பேரும்தான். அந்த இடத்தில் நான் எழுந்துகொண்டேன். அவள் சொன்னது எனக்கும் சௌகரியமாக இருந்தது. இதை இங்கே மட்டும்தான் எழுதுவேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடி, மிட்டாய், தேசிய கீதம். மூன்றாவது வரியில் வழக்கம்போல் தப்பு.

பஸ்ஸுக்கு வரிசை. பவித்ரா கையில் தகரப் பெட்டி. மற்றவர்களிடம் துணிப்பை.

"மூன்று நாளைக்குப் பெட்டி எதற்கு?"

"யூனிபார்ம் தொவைக்கணும் மேடம்."

"பெட்டியையுமா துவைப்பாய்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பஸ் வந்துவிட்டது. என் காலில் பெட்டி படாமல் ஒதுக்கிக்கொண்டு ஏறினாள். பெட்டியைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். கைக்கெட்டும் தூரம்.

ஆகஸ்ட் 16, சனி

பொறுக்கவில்லை. என் நகல் பட்டியலைப் பார்த்து பவித்ராவின் தகப்பன் பொன்னுசாமியைக் கூப்பிட்டேன். காலை எட்டிலிருந்து ஒன்பது தடவை. மலையில் ஒரு பாறைமேல் ஏறினால்தான் சிக்னல். பதினொன்றரைக்கு எடுத்தார்.

பிள்ளையை அனுப்பாதீர்கள், அந்த ஆள் சரியில்லை என்றேன்.

"நீங்க யாருங்க?"

"பள்ளியிலிருந்து. அந்தப் பட்டியலை எழுதியவள்."

"அப்ப நீங்கதானுங்க அனுப்பி வெச்சீங்க? நாளைக்கு வண்டி வருதுங்களே."

"நான் பெயர்தான் எழுதினேன். அனுப்பவில்லை."

"ஒண்ணும் வெளங்கலீங்க. இருங்க, சார் எங்களுக்குக் குடுத்த நம்பர்ல அவரையே கேட்டுக்கறேன்." அவரைக் கேட்காதீர்கள் என்று நான் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. அப்புறம் எடுக்கவே இல்லை.

'அது என் தவறு' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். பெயர்தான் எழுதினேனாம்.

கமலாவிடம் சொன்னேன். மற்ற பத்து வீட்டுக்கும் அவள் போன் போடுகிறாள், யாரிடமும் அனுமதி கேட்காமல். நாளைக்கு வாடகைக் கார். சின்னசாமி கூட வருகிறான். ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் இருப்பது இந்த ஊருக்கு வந்தபின் முதல் தடவை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஐந்தரைக்குக் கிளம்பினோம். வழியில் கமலா போனில்: பத்துப் பேரும் வீட்டில் இருக்கிறார்கள். மலை வளைவுகளில் சின்னசாமி, "கண்ண மூடிக்குங்கம்மா, நானும் மூடிக்கறேன். டிரைவர் மட்டும் தொறந்திருந்தாப் போதும்." வாந்தி. எலுமிச்சை.

வீட்டைக் கண்டுபிடிக்கக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. வேலியில் எங்கள் பள்ளி யூனிபார்ம், துவைத்து, மடிப்பு எடுத்து விரித்திருந்தது. பவித்ரா சொன்னதைச் செய்திருக்கிறாள்.

பெட்டி இல்லை.

பொன்னுசாமி கேட்டதும் அந்த ஆள் நேற்றுச் சாயங்காலமே வண்டியோடு வந்துவிட்டானாம். அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சு, மாத்தி மாத்திப் பேசுவாங்க, இப்ப ஏறலைன்னா சீட் போயிடும் என்றானாம். ஏறியது அவள் ஒருத்தி மட்டும்.

பொன்னுசாமி ரேஷன் கார்டு உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். ஜெராக்ஸ். வீட்டுக்கு ஒன்று கொடுத்திருக்கிறான். என் எழுத்து. முதல் பெயர். அடியில் முத்திரை.

"நீங்கதாங்களா அது? நோட்டீஸ்னா நம்பியிருக்க மாட்டோமுங்க. ஸ்கூல் சீலு, அழகா கையால எழுதியிருக்குது. அக்கறை இல்லாதவங்க இப்பிடி எழுதுவாங்களான்னு எம்பொண்ணே கேட்டுச்சு."

அவர் மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. யூனிபார்மைத் திருப்பிப் போட்டாள். மறுபக்கம் காய.

என் தவறு என்றேன். ஒரு நாள் தாமதமாக.

அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். பாதி வழியில் ரெபேக்கா போனில். "ஸ்டேஷன்ல லிஸ்ட்டை நாம கொடுத்தோம்னு வேணாம் மேடம். அவரே ஆபீஸ்ல எடுத்துக்கிட்டார்னு சொல்லிடுங்க. உங்களுக்கும் நல்லதுதான்." வளைவு, சிக்னல் போயிற்று. திரும்ப வந்தபின் நான் கூப்பிடவில்லை.

ஸ்டேஷனில் பெண் எஸ்.ஐ., சின்ன வயது. எந்த மில் என்று தகப்பனுக்குத் தெரியவில்லை. ஊர் தெரியவில்லை. வண்டி வெள்ளை. நம்பர் பிளேட்டில் மண் என்றான் சின்னசாமி. எஸ்.ஐ. எழுதுவதை நிறுத்திவிட்டு ஜெராக்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குதே. யாருதுங்க?"

சின்னசாமி தரையைப் பார்த்தான். பொன்னுசாமி என்னைப் பார்த்தார்.

என்னுடையது என்றேன். முத்திரை வைத்ததும் நான். அவன் கையில் கொடுத்ததும் நான்.

"அதையும் எழுதிக் கொடுத்துடுங்கம்மா."

வெள்ளைத் தாள் கொடுத்தாள். எழுதினேன். பவித்ராவின் பெயரில் எழுத்து தவறி, அடித்துத் திருத்தினேன். வேறு தாள் வேணுங்களா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.